கரும்பலகைக்கு முதுகு

ஊர் முழுவதும் இடம்பெயர்ந்த அன்று நான் தூக்கிக்கொண்டு போன பையில் இரண்டு சேலை, அடையாள அட்டை, ஒரு போத்தல் தண்ணீர், பிறகு என்னுடைய பாடக்குறிப்புக் கொப்பி. அரிசி எடுக்க மறந்துபோனேன். அந்தக் கொப்பியில் எனக்கு அவ்வளவு பெருமை.

அது அதற்கு முந்தின வருடத்து, தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கொப்பி. உடுவிலுக்குப் பக்கத்தில், தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்னப் பாடசாலையில் நான் அப்போது இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். என் பெயர் பராசக்தி. பிள்ளைகளுக்குப் பராசக்தி ரீச்சர். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் இருந்தது. கோபக்காரிக்கு ஊர் வைக்கிற பெயர்தான், இங்கே எழுதத் தேவையில்லை.

அந்த வருடம் தை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் கீழ்வகுப்பு ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் கருத்தரங்கு வைத்தார்கள். நடத்தியவர் சண்முகநாதன் என்ற கல்வி அதிகாரி. காது கேளாத, பார்வை குறைந்த, நடக்க முடியாத பிள்ளைகளைத் தனியே ஒதுக்காமல் மற்றப் பிள்ளைகளோடு வைத்துப் படிப்பிப்பது எப்படி என்பதுதான் விடயம். அவர் சொன்ன முறைப்படி, கொப்பியின் இடப்பக்கத் தாளில் பாடத்துக்கு முன் திட்டத்தை எழுத வேண்டும். பாடம் முடிந்த பிறகு வலப்பக்கத் தாளில் யோசித்து எழுத வேண்டும். எந்தப் பிள்ளைக்கு விளங்கியது, எந்தப் பிள்ளை பின்னுக்கு நின்றது, நாளைக்கு எதை மாற்றுவது என்று. எங்கள் பாடசாலையில் மற்ற ஆசிரியர்கள் இரண்டு பக்கத்தையும் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரே இருப்பில் எழுதித் தள்ளினார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. எனக்கு வாய் நீளம், ஆனால் வேலையில் கள்ளம் கிடையாது என்று நானே என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்தேன்.

கருத்தரங்கு முடிந்து இரண்டாம் கிழமையே மார்கிரட் வந்து சேர்ந்தாள். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்கள் பக்கத்தில் ஒரு காணியில் கொட்டில் போட்டிருந்த மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. ஏழு வயது. இரண்டு காதும் கேட்காது. கொழும்பில் வாங்கிய காது மெஷின் ஒன்று கழுத்தில் தொங்கியது. ஆனால் பற்றறி இல்லை. சண்டைக் காலம், யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. ஒரு நாள் வரும் என்ற நம்பிக்கையில் தாய் அதைத் துடைத்துத் துடைத்துப் போட்டுவிட்டிருந்தாள்.

தாய் லூர்த்தம்மா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பின்வாங்கிலை இருத்திவிட்டாலும் காணும் ரீச்சர். பிள்ளையளோடை இருந்தால் போதும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்வாங்கிலை இருத்த நான் என்ன ஆடே மேய்க்கிறன்? இவள் வாசிப்பாள். இருந்து பாருங்கோ."

சொல்லிவிட்டேன். இனிச் செய்துகாட்ட வேண்டும்.

முதல் சிக்கல் வாய். மார்கிரட் சொல்லுகிறவரின் வாயைப் பார்த்துத்தான் சொல்லைப் பிடிப்பாள். நான் கரும்பலகையில் எழுதும்போதோ என் வாய் சுவரைப் பார்க்கும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். முன்வாங்கில் மார்கிரட். அவளுக்கு எதிரே ஒரு சின்னக் கதிரை போட்டு, அதில் இன்னொரு பிள்ளை. நான் எழுதிக்கொண்டே சொல்ல, அந்தப் பிள்ளை அதைக் காதால் வாங்கி, வாயைப் பெரிதாக அசைத்து மார்கிரட்டுக்குச் சொல்ல வேண்டும். மார்கிரட் அந்த வாயையும் பார்ப்பாள், தோளுக்கு மேலால் என் எழுத்தையும் பார்ப்பாள்.

அந்தக் கதிரைக்கு நான் தெரிந்தெடுத்தது குணலட்சுமியை. சுகந்தினி, நிரோஜினி, தர்சினி என்று பெயர் வைத்த காலத்தில் அவளுக்கு மட்டும் தகப்பனின் செத்துப்போன அக்காவின் பெயர். பெயர் வந்த இடத்தாலோ என்னவோ, அவள் நடப்பதும் கதைப்பதும் ஐம்பது வயது மனுசி மாதிரி. சொன்ன வேலையைச் செய்வாள், ஏன் என்று கேட்கமாட்டாள். ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். அப்படியொரு காதை நான் அந்தப் பாடசாலையில் வேறு ஒருவரிடமும் காணவில்லை.

தகப்பன் பரமலிங்கம் எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். என்ன சாமான் வந்திருக்கிறது என்று கடை வாசல் பலகையில் வெண்கட்டியால் அவர்தான் எழுதிப் போடுவார். அச்சடித்தது போல எழுத்து. 'க'வின் வாலை மட்டும் கொஞ்சம் நீட்டி வளைத்துவிடுவார். மண்ணெண்ணெய் வந்தால் சனம் பலகையைப் பார்த்துச் சந்தோசப்படும். நான் எழுத்தைப் பார்த்துச் சந்தோசப்படுவேன். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு வெண்கட்டி இருக்கும்.

இரண்டாம் தவணை முடிவதற்குள் மார்கிரட் வாசித்தாள். இதில் பொய்யில்லை. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒரே மாதிரித் தெரிவதால் படம், மடம் எல்லாம் குழம்பிக்கொண்டிருந்தன. குணலட்சுமி மார்கிரட்டின் விரலை எடுத்துத் தன் மூக்கில் வைத்துச் சொல்லிக் காட்டினாள். 'ம' சொன்னால் மூக்கு அதிரும். அந்த யோசனையை நான்தான் இடப்பக்கத்தில் எழுதியிருந்தேன். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது தரம் மூக்கைக் கொடுத்தவள் குணலட்சுமி. பொம்பர் விமானம் வந்து எல்லாரும் பங்கருக்குள் ஓடும்போது மார்கிரட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியவளும் அவள்தான்.

வலப்பக்கத் தாள்கள் நிறைந்தன. 'மார்கிரட் இன்று மூன்று சொல் வாசித்தாள்.' 'மார்கிரட்டுக்கு நீண்ட வசனம் களைப்பு. நாளை படத்தோடு.' 'மார்கிரட் இன்று தானாகவே எழும்பி வாசித்தாள். சந்தோசம்.' அந்த வருடம் முழுவதும் நான் எழுதிய வலப்பக்கங்கள் நூற்றுக்கு மேல். குணலட்சுமியின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பிறகொரு நாள் தேடிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் இல்லை. 'உதவிப் பிள்ளை' என்று மட்டும் இருக்கிறது.

கார்த்திகை மாதத்தில் சண்முகநாதன் பாடம் பார்க்க வருவதாக அறிவித்தல் வந்தது. நான் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு கதை எழுதினேன். முருங்கை மரத்தில் வீடு கட்டிய அணிலின் கதை. பாடப்புத்தகத்தில் இல்லாதது என்றால் பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள் என்று அதிகாரி சொல்ல முடியாது அல்லவா? மூன்று நாளுக்கு முன் ஒத்திகை பார்த்தேன். மார்கிரட் தட்டுத்தடுமாறினாலும் வாசித்து முடித்தாள். அடுத்ததாகக் குணலட்சுமியை எழுப்பினேன்.

தாளைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"வாசி பிள்ளை."

"முதல் சொல்லைச் சொல்லுங்கோ ரீச்சர்."

"ஏன் நான் சொல்ல? தாள் உன்ரை கையிலைதானே கிடக்கு."

"நீங்கள் சொன்னால் நான் சொல்லுவன்."

பாடசாலை விட்ட பிறகு அவளை மறித்து வைத்து, தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்த சொல் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். 'அம்மா' தெரிந்தது. அவளுடைய பெயர் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. 'க'வும் 'த'வும் அவளுக்கு ஒன்றுதான்.

"கொப்பியிலை எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கிறாய்?"

"மார்கிரட்டின்ரையைப் பாத்து எழுதினனான்."

"வாசிக்கேக்கை?"

"நீங்கள் சொல்லுறது எனக்கு அப்பிடியே பாடம் ரீச்சர்."

முதலாம் வகுப்பில் அவள் படித்த வருடம் பாதி நாள் பாடசாலை நடக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் இரண்டாம் வகுப்பில் ஒரு வருடம் முழுவதும் நான் எழுதிய ஓர் எழுத்தையும் அவள் பார்க்கவில்லை. அவளைக் கரும்பலகைக்கு முதுகு காட்டி இருத்தியது நான். கதிரை இருந்த இடத்தைக் கொப்பியில் படம் கீறியும் வைத்திருக்கிறேன். எந்தப் பிள்ளையும் ஒதுங்கிப் போகக்கூடாது என்று தலைப்புப் போட்ட திட்டத்தில், ஒரு பிள்ளையை எழுத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன்.

அந்த நேரம் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது பயம். மூன்று நாளில் அதிகாரி வருகிறார். இது தெரிந்தால் என் பாடம், என் கொப்பி, என் பெயர் எல்லாம் போச்சு.

"இஞ்சை பார் பிள்ளை," என்றேன். "உனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை. அப்பாவுக்கும் சொல்லாதை. அடுத்த தவணை நான் உன்னைத் தனிய இருத்திச் சொல்லித் தாறன்."

"சத்தியமா ரீச்சர்?"

கையை நீட்டினாள். நானும் அவளுடைய உள்ளங்கையில் என் கையை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

அதிகாரி வந்த அன்று பாடம் மிக நன்றாக நடந்தது. மார்கிரட் அணிலின் கதையை வாசித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்க் கதிரையில் இருந்தவளைக் காட்டி, "இந்தப் பிள்ளை ஆர்?" என்று கேட்டார். "உதவிக்கு இருக்கிற பிள்ளை சேர்," என்றேன். அவளுடைய தலையைத் தடவிவிட்டு, வாசிக்கச் சொல்லாமல் போய்விட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொப்பியைப் புரட்டிப் பார்த்து, மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் இதைப் பார்க்க வேண்டும் என்றார். அன்று வலப்பக்கத்தில் நான் எழுதியது: 'எல்லாப் பிள்ளைகளும் பங்குபற்றினர். பாடம் வெற்றி.'

தொண்ணூற்றைந்து பிறந்ததும் சண்டை கொஞ்சக் காலம் நின்றது. மார்கிரட் வீட்டார் குருநகருக்கே திரும்பிப் போனார்கள். லூர்த்தம்மா போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். குணலட்சுமி மூன்றாம் வகுப்புக்கு ஏறினாள். நான் கொப்பியும் கையுமாகப் பாடசாலை பாடசாலையாகக் கருத்தரங்குக்குப் போனேன்.

சத்தியத்தை நான் மறந்துவிட்டேன் என்றால் அது பொய். அவள் மறக்கவிடவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் இடைவேளையில் கொப்பியும் பென்சிலுமாக என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "நாளைக்கு வா பிள்ளை," என்றேன். மறுநாள் வந்தாள். "இந்தக் கிழமை எனக்குக் கருத்தரங்கு, வாற கிழமை பாப்பம்," என்றேன். வாற கிழமை அவள் வரவில்லை. வராதது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகொரு நாள் ஆசிரியர் அறையில் மூன்றாம் வகுப்பு மாஸ்டர் சலித்துக்கொண்டார். "உந்தப் பரமலிங்கத்தின்ரை பெட்டை சரியான மந்தம். ஒரு எழுத்து ஏறுதில்லை." ஊரில் யார் என்ன சொன்னாலும் சுடச்சுடப் பதில் கொடுக்கிற நான், அன்று தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போனேன். அந்த மாஸ்டரிலும் பிழையில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்.

சித்திரையில் சண்டை திரும்பவும் தொடங்கியது. பாடசாலை ஒரு நாள் இருக்கும், ஒரு கிழமை இராது. ஐப்பசிக் கடைசியில் ஆமி நெருங்கி வர, எங்கள் ஊர் உள்ள வலிகாமத்தை விட்டு எல்லாரையும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. இலட்சக்கணக்கான சனம் ஒரே றோட்டில், ஒரே பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. அதைப் பற்றி எழுத எனக்கு வராது. நடந்தவர்களுக்குத் தெரியும்.

பாலத்துக்கு அப்பால், கைதடியில் தெரிந்தவர் ஒருவருடைய வீட்டு விறாந்தையில் எனக்கு இடம் கிடைத்தது. நான்காம் நாள் காலை, என் தம்பி குடும்பத்தைத் தேடி அங்கிருந்த ஒரு பாடசாலைக்குப் போனேன். அந்த நாட்களில் பாடசாலைச் சுவர்கள்தான் எங்களுக்குத் தபால் கந்தோர். யார் எங்கே இருக்கிறார்கள், யாரைக் காணவில்லை என்று கரியாலும் வெண்கட்டியாலும் சுவர் முழுக்க எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனேன். சுவரின் மூலையில், ஒரு சாக்கை விரித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குணலட்சுமி இருந்தாள்.

"பிள்ளை! அம்மா, அப்பா எங்கை?"

"தெரியாது ரீச்சர். பாலத்திலை கை விட்டுப்போச்சு."

"ஆரோடை வந்தனி?"

"ஆரோ ஒரு மாமி கூட்டிக்கொண்டு வந்து இதிலை விட்டவ. அவையள் போயிட்டினம்."

"எத்தினை நாளா இதிலை இருக்கிறாய்?"

"முந்தாநாள் துவக்கம்."

உள்ளே அவ்வளவு இடமிருக்க, தூவானம் அடிக்கிற இந்த மூலையில் ஏன் இருக்கிறாய் என்று கேட்டேன். அவள் திரும்பித் தன் தலைக்கு மேலே சுவரைக் காட்டினாள்.

"அது அப்பான்ரை எழுத்து."

அச்சடித்தது போல வெண்கட்டி எழுத்து. 'க'வின் வால் நீண்டு வளைந்திருந்தது. கூரையின் விளிம்பு மறைத்ததால் மழையில் அழியவில்லை.

"என்ரை பேர் கிடக்கு," என்று முதல் சொல்லைத் தொட்டாள். "மிச்சம் தெரியேல்லை."

அவளுக்குப் பக்கத்தில் சாக்கிலேயே இருந்துவிட்டேன்.

"இவ்வளவு சனம் நிக்குது. ஆரையும் வாசிச்சுச் சொல்லச் சொல்லிக் கேக்கேல்லையே பிள்ளை?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் எழும்பி, எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கத் தொடங்கினேன். "குணலட்சுமி, நாங்கள்..." அவள் உடனே எழும்பினாள். எழும்பி, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, என் வாயைப் பார்த்து, வாயைப் பெரிதாக அசைத்து, "குணலட்சுமி, நாங்கள்," என்று திருப்பிச் சொன்னாள். அப்படி நிற்கத்தான் நான் அவளைப் பழக்கியிருந்தேன். தோளைப் பிடித்து அவளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு மிச்சத்தையும் வாசித்தேன்.

'குணலட்சுமி, நாங்கள் மீசாலைப் பாடசாலையில் இருக்கிறோம். அம்மாவும் தம்பியும் சுகம். இங்கே நிற்க வேண்டாம். யாரையாவது கேட்டு உடனே வா. அப்பா.'

விறாந்தை வீட்டுக்காரரிடம் சைக்கிளை இரவல் வாங்கி, அவளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு மீசாலைக்குப் போனேன். வழி நெடுகச் சனம். மிதித்ததை விட உருட்டியதுதான் அதிகம். அவள் என் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

தாய் அவளைக் கண்டதும் கத்திய சத்தத்தில் அந்த மண்டபத்தில் இருந்த சனம் எல்லாம் எழும்பியது. பரமலிங்கம் மூன்று நாளில் கிழவனாகியிருந்தார். தாடி வளர்ந்து, சட்டை முழுக்கச் சேறு. மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரீச்சர், நான் அந்தச் சுவரடிக்குத் திரும்பிப் போகவேயில்லை. எழுதிப்போட்டு வந்தனான், கண்டால் வாசிச்சு வந்திடுவாள் எண்டு. உங்கடை வகுப்பிலை படிச்ச பிள்ளையெல்லே. முந்தாநாளும் வரேல்லை, நேற்றும் வரேல்லை. அப்ப பிள்ளை உயிரோடை இல்லை எண்டுதான் நினைச்சனான். நேற்று முழுக்க ஆசுப்பத்திரியிலை பிரேதங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

குணலட்சுமி தாயின் மடியில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அவள் இன்னும் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பியிருந்தால் அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்க என்னைத் தெய்வமாகவே நினைத்திருக்கும். அந்த எண்ணமும் எனக்கு வந்தது. மறைக்கவில்லை.

"பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது," என்றேன். "ஒரு எழுத்தும் தெரியாது. போன வருசமே எனக்குத் தெரியும். நான்தான் வெளியிலை சொல்லவேண்டாம் எண்டனான். உங்களுக்கும் சொல்லவேண்டாம் எண்டனான்."

பரமலிங்கம் கும்பிட்ட கையை மெல்ல இறக்கினார். மகளைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் வெண்கட்டித் தூள் இன்னும் இருந்தது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நான் படிப்பிச்சிருப்பனே ரீச்சர்," என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கும்.